இடத் தேர்வுக் குழுவும் ஒரு பன்றித் தொடையும்

"ரெண்டு டிக்கெட் எடு, விமானத்துல ஏறு, போய் இறங்கு. இதுக்கு யாரைக் கேக்கணும்—"

"நீ பேசுறது உனக்கே—"

"எனக்கே என்ன? எனக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் மண்டையில—"

"ஆர்லிஸ், சங்கத்தோட போறதுதான் போறது. தனியாப் போனா அது சும்மா—"

"சும்மா என்ன? தனியா வந்திருக்கான்னு உன்னைப் பார்த்ததும் மலை நகந்து போயிடுமா? விமானத்தை உங்க சங்கமா ஓட்டுது?"

"பதினோராம் நம்பர் படிவத்துல ஒரு கையெழுத்துப் போடு. அவ்வளவுதான் கேக்குறேன். பேனா எங்க?"

"பேனா கையிலதான் இருக்கு. கைதான் வரமாட்டேங்குது."

வில்லோ ஸ்பர் ஊரில் அது மே மாதக் கடைசி. ஜன்னலுக்கு வெளியே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதை வெட்ட வேண்டியவரோ இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, பனிமலைக்குப் போவதைப் பற்றிச் சமையலறையில் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

டெல்மர் ப்ராக்னோ விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த மூலையில் முப்பத்து நான்கு குளிர்காலம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தில் உறுப்பினராகி இருபத்தொன்பது வருஷம். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மலை உண்டு. ஒரு காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டி, மேலே மண் மூடி, புல் விதைத்த மேடு அது. உச்சியில் காலைத் தூக்கினால் இருபத்திரண்டு நொடியில் அடிவாரம் வந்துவிடும். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் போனால் இன்னும் ஒரு மாதிரி வாடை அடிக்கும். ஆனால் சங்கத்தின் பெருமை அந்த மேட்டில் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மேற்கே, நிஜ மலைக்கு, மூன்று ராத்திரி நான்கு பகல் போய்வரும் குறும்பயணத்தில் இருந்தது. போய்வந்தவர்கள் கோட்டுக் கையில் வட்டமாக ஒரு துணிச் சின்னம் தைத்துக்கொள்வார்கள். டெல்மரின் கோட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பனி விழுகிற மாதத்தில் பனி தள்ளுகிறவனுக்கு எவன் விடுப்புக் கொடுப்பான்?

ஏப்ரலில் ஓய்வு கிடைத்தது. மே மாதம் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி இரண்டு முழங்காலையும் மாற்றிவிடலாம் என்று நாள் குறித்தார். அதற்கப்புறம் நடக்கலாம், படி ஏறலாம், மீன் பிடிக்கலாம். சறுக்கக் கூடாது. ஆக, ஓய்வுக்கும் அறுவைக்கும் நடுவில் டெல்மருக்கு என்று ஒரே ஒரு குளிர்காலம் மிச்சம் இருந்தது.

"லாரி கொட்டகையில ஒரு மொன்டானாக்காரன் சொன்னான்," என்று அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "நம்ம ஊர்ப் பனி ஈரம். லாரித் தகட்டுல பட்டா உறுமும். ரெண்டு நாள் ஆனா பல்லைக் கடிக்கிற மாதிரி நறநறங்கும். அங்கே அப்படி இல்லையாம். மாவாம். சறுக்குக் கட்டைக்குக் கீழ சத்தமே வராதாம். அதை ஒரு தடவை கேக்கணும், ஆர்லிஸ்."

"சத்தமே வராததை எப்படிக் கேப்ப?"

"அதுக்குத்தான் போகணுங்கிறேன்."

"போ. யார் தடுத்தா? ரெண்டு பேரும் போவோம்."

டெல்மர் ஐஸ் பைகளை அவிழ்த்து மறுபடி கட்டினார். "இருபத்தொன்பது வருஷம் அவங்க மேசையில உக்காந்து அவங்க கதையைக் கேட்டிருக்கேன். ஒரு கதையிலயாவது நானும் இருக்க வேணாமா? தனியாப் போயிட்டு வந்து யார்கிட்ட சொல்றது? உன்கிட்டயா? நீதான் பக்கத்துலயே நின்னிருப்பியே."

ஆர்லிஸ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பதினோராம் படிவம் என்னவென்றால், எங்கே போவது என்று முடிவு செய்யும் இடத் தேர்வுக் குழுவில் ஆர்லிஸ் சேருவதற்கான ஒப்புதல். சங்கச் சட்டம் இருபத்திரண்டாம் விதிப்படி, நடுநிலை காக்கும் பொருட்டு, சறுக்கவே தெரியாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் குளிர் தாங்கவில்லை என்று ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குத் தினமும் பதினொன்றரைக்குள் சோறு போட்டு முடிக்கிற ஆர்லிஸுக்கு, ஒரு மலையைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலையாகத் தோன்றியது.

*

ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை ரூடியின் சாப்பாட்டு விடுதிப் பின்னறையில் குழு கூடியது. வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீன். எண்ணெய்ப் புகை சுவரில், திரைச்சீலையில், நாற்காலி மெத்தையில் எல்லாம் ஏறிப் போயிருந்தது. தலைவர் ராய்ஸ் வான்டஹே மேசைத் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியராகாத குறையைச் சங்கத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் செயலாளர் ஒடெல்லா ஸ்டம்ஃப், யார் இருமினாலும் குறிப்பில் எழுதுகிறவர். இடப்பக்கம் பாதுகாப்பு அலுவலர் கெர்மிட் லிண்ட்கிவிஸ்ட், மெத்தைக் கடைக்காரர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் கை தூக்குவதற்கு.

ராய்ஸ், உடைந்த சறுக்குக் கட்டையில் செய்த சுத்தியலால் மேசையைத் தட்டினார். "போன கூட்டக் குறிப்பை ஏத்துக்கலாமா?"

போன கூட்டக் குறிப்பில் ஓரிடத்தில் 'சிரிப்பு' என்று இருந்தது. அது 'லேசான சிரிப்பு' என்று கெர்மிட் திருத்தம் கொண்டுவந்தார். அது முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் ஆர்லிஸ்.

"தலைவர் வழியா," என்றார் ஒடெல்லா, தலை நிமிராமல்.

"தலைவர் வழியாவே சொல்றேன். யூட்டாவோ கொலராடோவோ, ஏதோ ஒண்ணு. ஜனவரியில போயிட்டு வந்துடலாம். என் வீட்டுக்காரருக்கு பிப்ரவரி ஒன்பது ஆபரேஷன். அவர் இதுவரைக்கும் போனதே இல்ல."

ராய்ஸ் கனிவாகச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் யாரையாவது வெளியேற்றுவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பாராம். "டெல்மர் இந்தச் சங்கத்தோட முதுகெலும்பு அம்மா. அவர் ஊத்தின தோசை மாதிரி இந்த ஊர்ல யாரும் ஊத்தினதில்ல." சங்க நிதிக்காக வருஷா வருஷம் நடக்கும் இனிப்புத் தோசைக் காலை விருந்தைச் சொன்னார். "ஆனா பாருங்க, நம்ம சட்டத்துல 'மேற்கே ஒரு குறும்பயணம்'னு போட்டிருக்கு. குறுமைன்னா எதைவிடக் குறுமை? மேற்குன்னா எதுக்கு மேற்கு? இது தெரியாம மலையைத் தேடினா, மலைதான் கிடைக்கும். முடிவு கிடைக்காது."

"ஆமா," என்றார் கெர்மிட். "இங்கருந்து பார்த்தா ரூடியோட கார் நிறுத்துற இடம்கூட மேற்குதான்."

குறுமையை வரையறுக்க ஒரு துணைக் குழுவும், மேற்கை வரையறுக்க இன்னொரு துணைக் குழுவும் அமைந்தன. இரண்டிலும் அதே ஐந்து பேர். அப்புறம் மீன் வந்தது. ராய்ஸ் விரலை நக்கி நக்கி, அதே விரலால் சட்டப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். ஆர்லிஸ் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"என்ன ஆச்சு?" என்று வீட்டில் ஆவலாகக் கேட்டார் டெல்மர்.

"மேற்கு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்காங்க."

"அதெல்லாம் முறைப்படி செய்யணும்ல," என்றார் டெல்மர் திருப்தியோடு.

*

ஜூலையில் மதிப்பெண் தாள் வந்தது. மொத்தம் நூறு. மதுக்கூடத்துக்கும் படுக்கைக்கும் உள்ள தூரம் இருபத்தைந்து. ஊறிக் கிடக்க வெந்நீர்த் தொட்டி இருபது. குழுவினருக்கு அளிக்கப்படும் வரவேற்பு பதினெட்டு. காலைச் சாப்பாடு பதினைந்து. கடைகள் பத்து. கார் நிறுத்தும் வசதி பத்து. பனி இரண்டு.

"விமானத்துல போறோம். கார் எதுக்கு நிறுத்தணும்?"

"வசதி இருக்குன்னு தெரிஞ்சா மனசுக்கு ஒரு நிம்மதி," என்றார் கெர்மிட்.

"பனிக்கு ரெண்டே மார்க்கா?"

"நல்ல கேள்வி," என்றார் ராய்ஸ். "பனி எல்லா மலையிலும் இருக்கு. எல்லா இடத்துலயும் இருக்கிற ஒண்ணை வெச்சு எப்படித் தரம் பிரிக்கிறது? முதல்ல அதுக்கு பூஜ்யம்தான் போட்டிருந்தோம். பனிச்சறுக்குச் சங்கம்னு பேர் இருக்கேன்னு ஒடெல்லாதான் ரெண்டு போடச் சொன்னாங்க."

ஒடெல்லா அடக்கமாகத் தலை குனிந்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில் அந்த ஐவரும் நேரடி ஆய்வுக்குப் புறப்பட்டார்கள். யூட்டா, கொலராடோ, மொன்டானா, வயோமிங்: நான்கு மலை, பதினாறு நாள், அந்தந்த விடுதிக்காரர்கள் செலவில். சங்கம் எத்தனையோ பேரைக் கூட்டிவரப் போகிறது என்று நம்பி அவர்களும் விருந்து வைத்தார்கள். செப்டம்பரில் ரூடியின் பின்னறையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். இருநூற்றுப் பதினான்கு படம். ஆர்லிஸ் எண்ணிக்கொண்டே வந்தாள். மலை ஒன்பது படத்தில் இருந்தது, அதில் நான்கில் கெர்மிட்டின் தலை மறைத்தது. மற்றதெல்லாம் மாட்டிறைச்சித் துண்டு, தொட்டியில் மிதக்கும் தொப்பை, தட்டின் ஓரத்தில் வழியும் கொழுப்பு, மறுபடி தொட்டி. நாற்பதாவது தொப்பையோடு அவள் தொப்பைகளை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"மலை ஏன் பச்சையா இருக்கு?" என்றாள்.

"ஆகஸ்ட் மாசம் அம்மா," என்றார் ராய்ஸ்.

"அப்போ பனி எப்படின்னு?"

ராய்ஸ் அறிக்கையைப் புரட்டினார். "இங்க இருக்கு. 'பனி: ஆய்வின்போது காணப்படவில்லை.' இதை ஒரு குறையாத்தான் பதிவு பண்ணியிருக்கோம். நாலு மலைக்கும் சமமா. பாரபட்சம் காட்டல."

*

அக்டோபர் பொதுக்கூட்டத்துக்கு ரூடியின் விடுதியில் நூற்று முப்பது பேர் வந்திருந்தார்கள். செர்ரி போட்ட பிராந்தி கையில், குலுக்கல் சீட்டு பையில். வந்தவர்களில் பாதிப் பேர் குலுக்கலுக்கு வந்தவர்கள். ஆட்டுக்கால், கோழி, கொத்து இறைச்சி என்று ஒவ்வொன்றாக எண் கூப்பிட, ஜெயித்தவன் கூச்சல் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போவான். டெல்மர் எப்போதும்போல் இருபது சீட்டு வாங்கினார். எப்போதும்போல் எண்ணைப் பார்க்காமல் கோட்டுப் பையில் திணித்தார். "ஜெயிக்கவா வாங்குறோம்? சங்கத்துக்காக வாங்குறோம்," என்பார்.

கடைசிப் பரிசு, புகை போட்ட பெரிய பன்றித் தொடை. எண் நானூற்றுப் பதினேழு. யாரும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார்கள். தொடையை மேடையிலேயே வைத்துவிட்டு வாக்கெடுப்புக்குப் போனார்கள். யூட்டாவுக்கு ஐம்பத்தெட்டு. மற்ற மூன்றுக்கும் சேர்த்தே அவ்வளவு இல்லை. டெல்மர் ஆர்லிஸின் கையைப் பிடித்தார்.

"பார்த்தியா? முறைப்படி நடந்தா நடக்கும்."

ஒடெல்லா கையை உயர்த்தினார். "தலைவர் அவர்களே, பதினான்காம் விதி. இறைச்சிக் குலுக்கல் முடிவடையாத நிலையில் நடக்கும் எந்த வாக்கெடுப்பும் செல்லாது."

அந்த விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு காலத்தில் ஜனங்கள் ஓட்டுப் போட்ட கையோடு, சீட்டு வாங்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். நூற்று முப்பது பேரும் மேடையிலிருந்த தொடையைப் பார்த்தார்கள். அது பளபளவென்று கொழுப்புச் சொட்டிக்கொண்டிருந்தது.

ராய்ஸ் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "நண்பர்களே, இந்தக் குழு இதுவரைக்கும் ஒரு தப்பான முடிவுகூட எடுத்ததில்ல. ஏன் தெரியுமா? முடிவு எடுக்கிறதுல நாங்க அவசரப்பட்டதே கிடையாது. இன்னிக்கு நாம இழந்தது ஒரு ஓட்டெடுப்பு. காப்பாத்தினது ஒரு விதி. மலை எங்கயும் போகாது. விதி போயிட்டா திரும்பி வராது."

கை தட்டினார்கள். டெல்மரும் தட்டினார். ஆர்லிஸ் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டாவது தட்டலோடு நிறுத்திக்கொண்டார்.

தொடை, சங்கச் சொத்து என்ற முறையில், தலைவர் வீட்டு உறைபெட்டிக்குப் போயிற்று. நானூற்றுப் பதினேழை வைத்திருப்பவர் முன்வருமாறு ஊர்ப் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு அறிவிப்பு வந்தது. இறந்துபோன உறுப்பினர் ஒருவரின் மகளை மினசோட்டாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவின் பையைத் தேடச் சொன்னார் ஒடெல்லா. அவர் செத்தது போன வருஷம்.

நவம்பர் இரண்டாம் வாரம் ஆர்லிஸ், டெல்மரின் பழைய ஆரஞ்சுக் கோட்டைத் துவைக்கப் போட்டாள். பையில் கையை விட்டால் கசங்கிய சீட்டுக்கட்டு. ஐந்தாவது சீட்டில் நானூற்றுப் பதினேழு.

அவள் சலவை இயந்திரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "டெல்மர்!"

"என்ன, தண்ணி ஒழுகுதா?"

"நீ ஒழுகுற. இங்க வா. அஞ்சு வாரம் இல்ல, அஞ்சு ஜென்மம் ஆனாலும் உனக்குப் பையைத் திறந்து பார்க்கணும்னு தோணாதா?"

டெல்மர் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. "நானா? நானா பயணத்தைக் கெடுத்தேன்?"

"நீ கெடுக்கல. நீ ஒரு பன்னித் தொடையை ஜெயிச்ச. உலகத்துல வேற எங்கயாவது இதுக்கு முகத்தைத் தொங்கப் போடுவாங்களா?"

அன்று மாலையே சீட்டோடு ராய்ஸ் வீட்டுக்குப் போனாள். ராய்ஸ் சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நீங்க குழு உறுப்பினர். முப்பத்தோராம் விதிப்படி, குழு உறுப்பினர் வீட்டில் யாரும் பரிசு வாங்கக் கூடாது. இந்தச் சீட்டு செல்லாது. அப்போ ஜெயிச்சவர் யாருமே இல்ல. ஜெயிச்சவர் இல்லேன்னா குலுக்கல் முடியல."

"நான் குழுவுலருந்து விலகிக்கிறேன். இப்பவே. எழுதிக் குடுக்கிறேன்."

"விலகலைக் குழு ஏத்துக்கணும். குழு கூடணும்னா, சறுக்கத் தெரியாதவர் இருந்தே ஆகணும். அது நீங்கதான். ஆனா உங்க விஷயத்துல நீங்களே ஓட்டுப் போட்டா நல்லாவா இருக்கும்?"

ஆர்லிஸ் வாசலிலேயே நின்றாள். உள்ளே அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. பன்றித் தொடைக்குப் பூசுகிற கிராம்பும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்த வாசனை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் பண்டிகை விருந்து கழிந்த மறுவாரம், குழுவின் அவசரக் கூட்டத்தில் ராய்ஸே எழுந்து அறிவித்தார். "சங்கச் சொத்து கெட்டுப்போகாமல் காக்கிற பொறுப்பு எனக்கு இருந்துச்சு. உறைபெட்டியில இடமும் கம்மி. அதனால என் குடும்பத்தார் பதினோரு பேர், தங்கள் சொந்த விருப்பங்களை ஒதுக்கி வெச்சுட்டு, அந்தத் தொடையை அப்புறப்படுத்திட்டாங்க. குலுக்கலுக்கான பொருள் இப்ப இல்ல. பொருள் இல்லாததால குலுக்கல் முடிஞ்சுட்டதாக் கருதலாம்."

"நல்லா இருந்துச்சா?" என்றாள் ஆர்லிஸ்.

"கொஞ்சம் உப்பு," என்றார் ராய்ஸ். ஒடெல்லா அதைக் குறிப்பில் எழுதினார்.

*

அப்படி அந்த அக்டோபர் வாக்கெடுப்பு செல்லுபடியாகி, யூட்டா உறுதியாயிற்று. ஜனவரி பதினேழிலிருந்து இருபது வரை என்று தேதிகூட வந்தது. டெல்மர் கராஜில் கட்டைகளை இறக்கி மெழுகு தேய்க்க ஆரம்பித்தார். மூன்று நாள் கழித்து அடுத்த தீர்மானம் வந்தது. கோடைகால ஆய்வில் பனி காணப்படாததால், பனியுடன் கூடிய மறு ஆய்வு தேவை. ஜனவரி பதினேழிலிருந்து இருபது வரை. போகிறவர்கள் ஐந்து பேர்.

"அதே தேதியில நாங்களும் கூட வர்றோமே," என்றாள் ஆர்லிஸ்.

"ஆய்வு நடக்கிற இடத்துல உறுப்பினர்கள் இருந்தா நடுநிலை கெட்டுடும்," என்றார் கெர்மிட்.

"நான் குழுவுல இருக்கேனே?"

"பனியை ஆய்வு செய்யத் தகுதி வேணும் அம்மா. உங்களுக்குத்தான் சறுக்கத் தெரியாதே."

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "போதும் டெல்மர். நாளைக்கு நான் டிக்கெட் எடுக்கிறேன்."

"அவங்க போய் நல்லாப் பார்த்துட்டு வரட்டும். ஜனவரிக் கடைசியில எல்லாரும் போவோம். ராய்ஸ் என் தோளைத் தட்டிச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'பார்த்துக்கலாம் டெல்மர்'னார்."

ஜனவரி பதினாறு முழுக்கப் பனி கொட்டியது. ராத்திரி ராய்ஸிடமிருந்து தொலைபேசி. விமானத்துக்குப் போகணும், வாசல் மூடிக்கிடக்கிறது, டெல்மரின் சொந்த வண்டியில் பனி தள்ளும் தகடு இருக்கிறதல்லவா? விடியற்காலை ஐந்தரைக்கு டெல்மர் ஐந்து வீட்டு வாசலையும் வழித்துக் கொடுத்தார். முழங்கால் மடங்கவில்லை. ஐவரையும் ஏற்றிப்போக வந்த வேனில் ஏறி இறங்கி, ஐந்து பேர் சறுக்குக் கட்டைப் பைகளையும் மேலே ஏற்றி, தன் ஆரஞ்சுக் கயிற்றால் ஒவ்வொரு பையின் வாயையும் இறுக்கிக் கட்டினார். லாரிக்காரர் முடிச்சு அது. கெட்டியான, அவருக்கு மட்டுமே வரும் முடிச்சு. போகிற வழியில் கட்டைகள் உருவிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

ஆர்லிஸ் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினால் என்ன வாயில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

இருபதாம் தேதி சாயங்காலம் வேன் திரும்பியபோது, இறக்கி வைக்கவும் டெல்மரைத்தான் கூப்பிட்டார்கள். ஐவரும் சிவந்து, உப்பி, தோல் ஊறிச் சுருங்கிய விரல்களோடு இறங்கினார்கள். பைகளை வாங்கி வரிசையாகச் சுவரில் சாய்த்தார் டெல்மர். கடைசிப் பையைச் சாய்த்தவர் அப்படியே நின்றார். குனிந்து முதல் பையின் முடிச்சைத் தொட்டார். அடுத்ததை. அதற்கடுத்ததை. ஐந்தும் அவர் கட்டியபடியே, ஒரு தடவைகூட அவிழாமல் இருந்தன.

ஆர்லிஸும் பார்த்தாள்.

*

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம். அறுவைக்கு இன்னும் பத்து நாள். மீன் எண்ணெய் வாடை அன்று வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

ராய்ஸ் சுத்தியலைத் தட்டினார். "மகிழ்ச்சியான செய்தி. யூட்டா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்."

"எந்த ரெண்டு குறைஞ்சுது?" என்று ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

ராய்ஸ் காதில் விழாததுபோல் தாளைப் புரட்டினார். "இன்னொரு செய்தி. ஒன்பதாம் விதிப்படி, ஐந்து உறுப்பினர்கள் மேற்கே மூன்று இரவு தங்கித் திரும்பினால், இந்த ஆண்டுக்கான குறும்பயணம் நிறைவேறியதாகும். அந்த வகையில், நண்பர்களே, இந்த வருஷப் பயணம் மிகச் சிறப்பா நிறைவேறிடுச்சு."

"கடந்த பதினொரு ஆண்டுகளைப் போலவே," என்று குறிப்பைப் பார்த்து வாசித்தார் ஒடெல்லா.

ஆர்லிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருக்கும் அதிர்ச்சியில்லை. பக்கத்து மேசைக்காரரைத் தோளில் தட்டினாள். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியாம என்ன," என்றார் அவர், மீனை மென்றுகொண்டே. "மலைக்குப் போகணும்னா நாங்க பிள்ளைகளோட போயிக்குவோம். இங்க குலுக்கலுக்குத்தானே வர்றது? இன்னிக்கு மாட்டு விலா வெச்சிருக்காங்க."

பனி விழுகிற ராத்திரிகளில் எல்லாம் லாரியில் இருந்த ஒருத்தருக்குத்தான் தெரியாது. மற்ற மாதங்களில் அதே மேசையில் உட்கார்ந்து, அதே ஐந்து பேர் சொன்ன கதைகளை அவர் கேட்டிருந்தார். அந்தக் கதைகளில் எப்போதும் தொட்டி இருந்தது, இறைச்சி இருந்தது, ஒரு பரிசாரகன் தட்டைக் கவிழ்த்தது இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் ஒரு சரிவைப் பற்றிச் சொன்னதாக ஆர்லிஸுக்கு அவர் திருப்பிச் சொன்னதில்லை.

"முடிக்கிறதுக்கு முன்னால ஒரு கௌரவம்," என்றார் ராய்ஸ். குரல் மறுபடி தழுதழுத்தது. "நம்ம டெல்மருக்கு ஒன்பதாம் தேதி ஆபரேஷன். அவரோட தியாகத்தை இந்தச் சங்கம் மறக்கல. போகாமலேயே மேற்குப் பயணச் சின்னம் பெறும் முதல் உறுப்பினர் அவர்தான். குழுவுல இதுக்காகத் தனித் தீர்மானம் போட்டோம். ஒருமனதா நிறைவேறிச்சு. வாங்க டெல்மர்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டெல்மர் மேசையைப் பிடித்து எழுந்தார். மேடைக்கு மூன்று படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். ராய்ஸ் வட்டத் துணியை அவர் கையில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து, படத்துக்காகச் சிரித்தார். பின்னால் மற்ற நால்வரும் கோட்டுக் கையில் வரிசை வரிசையாகச் சின்னங்களோடு நின்றார்கள். கெர்மிட் விசிலை ஒரு தடவை செல்லமாக ஊதினார்.

டெல்மர் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் வெள்ளை நூலில் ஒரு மலை. கட்டை விரலால் அதைத் தடவினார். பிறகு ஐந்து பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். கைதட்டல் அடங்கும்வரை பொறுமையாக நின்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் மெதுவாகக் கேட்டது கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

"ராய்ஸ், ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்தப் பனி, கட்டைக்குக் கீழ சத்தம் போட்டுச்சா, போடலையா?"